"கறுப்பாக இருந்தாலும்": நம் பாராட்டில் அந்த 'இருந்தாலும்' எதற்கு?

ஒப்பனைப்பெட்டி | ஜார்ஜ்டவுன், பினாங்கு

வணக்கம். நான் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்பவள். பதினொரு ஆண்டுகளாக இதுதான் என் தொழில்.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி வைத்தாகிவிட்டது. ஜடையில் பூவைத் தைத்துக்கொண்டிருந்தேன். உறவுக்காரப் பாட்டி ஒருவர் உள்ளே வந்தார். பெண்ணின் முகவாயைத் தொட்டு நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மனம் நிறைந்து சொன்னார்: "கறுப்பாக இருந்தாலும் என்ன களை, பாருங்கள்!"

பெண் சிரித்தாள். பாட்டி வெளியே போனதும், "அக்கா, கழுத்துக்கும் கொஞ்சம் பூசிவிடுங்கள்" என்றாள். கழுத்துக்கு ஏற்கெனவே பூசியிருந்தேன்.

எனக்கு உதவிக்கு வரும் மலாய்ப் பெண், பாட்டி சொன்னதன் பொருளைக் கேட்டாள். சொன்னேன். "நாங்கள் 'ஹித்தாம் மானிஸ்' என்போம்" என்றாள். ஹித்தாம் என்றால் கறுப்பு, மானிஸ் என்றால் இனிப்பு. கறுப்பு, இனிப்பு, அவ்வளவுதான். நடுவில் ஒன்றும் இல்லை. நாம் மட்டும் நடுவில் ஓர் 'இருந்தாலும்' வைத்திருக்கிறோம். அந்த ஒரு சொல் அன்று முழுவதும் என் காதை விட்டுப் போகவில்லை.

கேட்க விரும்புவது இதுதான். ஒருவரின் தோற்றத்தைப் பாராட்ட உங்கள் வீட்டில், தோட்டத்தில், கம்பத்தில் (கிராமத்தில்) என்னென்ன சொல்வார்கள்? இந்த 'இருந்தாலும்' இல்லாத சொற்களாக வேண்டும். கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் காதில் நான் சொல்லக்கூடிய சொற்களாக வேண்டும்.

தோட்டத்துப் பேத்தி | செபராங் பிறை

என் அப்பாயி தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகும்முன் இருட்டிலேயே எனக்குத் தலைசீவிவிடுவார். அவர் வாயில் 'அழகு' என்ற சொல் வந்ததாக எனக்கு நினைவே இல்லை. 'லட்சணமாக இருக்கிறாய்', 'மூக்கும் முழியுமாக இருக்கிறாய்', 'அம்சமாக இருக்கிறாய்' என்பார். சேலை பிடித்திருந்தால் 'பாந்தமாக இருக்கிறது'. அண்ணனுக்கு 'எடுப்பாக இருக்கிறான்'. இந்தச் சொற்களில் எதற்கும் நிறத்தோடு தொடர்பில்லை என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்குப் படுகிறது, அக்கா.

நிறத்தைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "கறுப்பே அழகு, காந்தலே ருசி." சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி உருண்டை பிடித்து என் கையில் வைத்துக்கொண்டே சொல்வார். அந்தக் காந்தலின் மொறுமொறுப்பு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

செந்தூல்காரன் | கோலாலம்பூர்

ஒரு விகுதியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டியின் அன்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள். என் தங்கையை இப்படிச் சொல்லியே கொஞ்சினார்கள். அவள் வாடவும் இல்லை, வதங்கவும் இல்லை. பெரியவர்கள் வாயில் சொல் அப்படித்தான் வரும். உள்ளே இருக்கும் மனத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஒப்பனைப்பெட்டி

அண்ணன், பாட்டியின் மனத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. பழிப்பவர் வாயிலிருந்து வந்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். மனதாரப் பாராட்ட வந்தவருக்கும் தமிழில் கைக்கு வந்த வாக்கியம் அதுவாக இருந்ததே என்பதுதான் என் வருத்தம். உங்கள் தங்கை வதங்கவில்லை என்கிறீர்கள். நல்லது. அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சொற்குவியல் | கிள்ளான்

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? எழில், கவின், வனப்பு, பொலிவு, பொற்பு, ஏர், அணி, நலம், கோலம், வடிவு, முருகு, சாயல், மாமை. இத்தனையும் அழகுதான். எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வாசிரியர் | பட்டர்வொர்த்

தம்பி, நீங்கள் அடுக்கியவை நல்ல சொற்கள். ஆனால் எல்லாம் 'அழகு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் ஒன்றும் பயன்படாது. முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'வனப்பு' என்பது ஒரு கண்ணிலோ மூக்கிலோ இருப்பதன்று. தொல்காப்பியச் செய்யுளியலில் எட்டு வனப்புகள் வருகின்றன. அங்கே பேசப்படுவது செய்யுளின் அழகு. பல உறுப்புகள் ஒன்று திரளும்போது பிறக்கும் அழகு என்று உரை அதை விளக்குகிறது. ஆகவே நகை, உடை, நடை எல்லாம் கூடி ஒரு பெண் மணவறையில் வந்து உட்காரும்போது சொல்ல வேண்டிய சொல் 'வனப்பு'. 'எழில்' வேறு. இன்னும் வளரும், இதோடு முடியவில்லை என்று தோன்ற வைக்கும் அழகை எழில் என்றார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தும். 'பொலிவு' வரும், போகும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் முகத்தில் பொலிவு திரும்பியது என்கிறோம். எழில் திரும்பியது என்பதில்லை.

'சாயல்' என்றால் இன்று நமக்கு 'அம்மாவின் சாயல்' மட்டும்தான். தொல்காப்பிய உரியியல் அதற்குச் சொல்லும் பொருள் மென்மை. தொட்டுப் பார்க்காமலேயே கண்ணுக்குத் தெரியும் மென்மை. 'முருகு' என்ற சொல்லுக்கு அழகு, இளமை, மணம், தெய்வம் என்று நான்கு பொருளும் உண்டு. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிற நாம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறோம்.

இனி, மகளே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தம்பி கடைசியாகப் போட்ட 'மாமை'தான் உங்களுக்கு வேண்டிய சொல். அது பெண்ணின் மேனி நிறத்தைக் குறிக்கும் சொல். மாந்தளிரின் நிறம் என்பார்கள். குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவி சொல்கிறாள்: கன்றும் குடிக்காமல், கறக்கிற கலத்திலும் விழாமல் நல்ல பசுவின் பால் மண்ணில் சிந்தியதுபோல, எனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் என் மாமைக் கவினைப் பசலை தின்னப் பார்க்கிறது.

பசலை என்றால் என்ன? பிரிவால் மேனி வெளிறிப் போவது. குறுந்தொகை 98இல் ஒருத்தி வெளிறிய தன் நெற்றியின் நிறத்தைத் தலைவனுக்குச் சொல்ல, தோட்டத்துப் பீர்க்கம்பூ சிலவற்றைக் கொண்டுபோய் யாராவது காட்டமாட்டார்களா என்று ஏங்குகிறாள். அந்த மஞ்சள் பூ அவளுக்கு அழகின் அடையாளமன்று, நோயின் அடையாளம். திருவள்ளுவர் இந்த நோய்க்கென்றே 'பசப்புறு பருவரல்' என்று 119ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். மேனி வெளுப்பதை நோய் என்று அழுத மக்களின் பிள்ளைகள் நாம். அதையே வரம் என்று கேட்கத் தொடங்கியது எப்போது?

'உம்'மைப் பற்றி ஒரு சொல். செந்தூல் தம்பி அதை வெறும் விகுதி என்கிறார். இலக்கணத்தில் உம்மைக்கு எட்டுப் பொருள் உண்டு. அவற்றுள் ஒன்று எண்ணும்மை: 'இரவும் பகலும்' என்பதுபோல் இரண்டையும் சமமாக வைத்து எண்ணுவது. 'கறுப்பாக இருந்தாலும் களை' என்னும்போது கறுப்பு ஒரு தடையாகவும் களை அதைத் தாண்டி வந்ததாகவும் ஆகிறது. 'கறுப்பும் களையுமாக இருக்கிறாள்' என்று சொல்லிப் பாருங்கள். அதே உம்மைதான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகின்றன.

தோட்டத்துப் பேத்தி

ஐயா, 'கறுப்பும் களையுமாக'. சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அப்பாயி சொன்ன 'மூக்கும் முழியுமாக' போலவே இருக்கிறது! புதிதாகக் கற்க வேண்டியதில்லை, நாக்குக்குப் பழகிய நடைதான்.

ஆய்வு மாணவி | பங்சார்

ஐயா சொன்னதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'மாமை'யை இன்றைய 'கறுப்பு' என்று அப்படியே மாற்றி வைத்துவிடக் கூடாது. மா என்பதற்குக் கருமை என்ற பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நற்றிணை 6ஆம் பாட்டில் பரணர், ஆம்பல் தண்டின் நாரை உரித்தால் தெரியும் நிறத்தோடு மாமையை ஒப்பிடுகிறார். ஆம்பல் தண்டை உரித்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பது அடர்ந்த கறுப்பன்று. மாந்தளிரும் கறுப்பன்று. செம்பும் பழுப்பும் கலந்த ஒரு மினுமினுப்பு, இரண்டு வாரத்தில் பச்சைக்கு மாறிவிடுவது.

எனக்குத் தோன்றுவது: மாமை ஒரு நிறத்தின் பெயர் என்பதைவிட, நிறத்தின் உயிர்ப்புக்குப் பெயர். நீரும் சத்தும் ஓடும் தளிரின் பளபளப்பு. பசலை அதைத் தின்கிறது என்றால் மினுக்கத்தைத் தின்கிறது. அப்படிப் பார்த்தால், சங்கப் பாடல்கள் கறுப்பை உயர்த்தி வெளுப்பைத் தாழ்த்தின என்று சொல்லவும் எனக்குத் தயக்கம். நம் நியாயத்துக்கு வலிமை சேர்க்கப் பழைய சொல்லை வளைக்க வேண்டாமே.

ஓய்வாசிரியர்

சரியான திருத்தம், அம்மா. ஆம்பலை மறந்துவிட்டேன். மாமை என்பது உயிர்ப்பு என்ற உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: அந்த உயிர்ப்பைப் பார்க்க அவர்கள் கண் போன இடம் தளிர், வெண்சங்கன்று.

ஒப்பனைப்பெட்டி

இரண்டு பேரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு என் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன்.

என் தொழிலில் நடப்பதைச் சொல்கிறேன். ஃபவுண்டேஷன் பூச்சுக்கு நிறம் தருபவை சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. 'இரண்டு படி வெளுப்பாகப் பூசுங்கள்' என்று பெண்ணின் அம்மா கேட்டால், வெண்மை கூடுதலாக உள்ள குப்பியை எடுக்கிறேன். பூசி முடித்ததும் என்ன ஆகிறது? கறுத்த தோலின் அடியில் இருக்கும் செம்மை மறைந்து, மேலே சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. அதைச் சரிசெய்யக் கன்னத்தில் செயற்கையாகச் சிவப்பு ஏற்றுகிறேன். மணவறையில் பிளாஷ் அடித்தால் அந்த வெண்மை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. படத்தில் முகம் தனியாகவும் கை தனியாகவும் இரண்டு பேருடையதுபோல் தெரியும். மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருப்பது யாருடைய கை என்று கேட்கத் தோன்றும்.

தளிரின் மினுக்கம் என்று எழுதியிருந்தீர்கள், தங்கை. அந்த மினுக்கத்தைத்தான் முதலில் மூடுகிறேன். பதினொரு ஆண்டுகளாக நல்ல கூலி வாங்கிக்கொண்டு பெண்களின் முகத்தில் பசலையைப் பூசியிருக்கிறேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

குவாலா கங்சார் சாலை | ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தவள்

மலாய் மொழியை மிகவும் உயர்த்திவிடாதீர்கள். நான் மலாய்க்காரர்களோடு ஒரே அலுவலகத்தில் இருப்பவள். 'ஹித்தாம் மானிஸ்' உண்மைதான், அழகான சொல்தான். பழுத்த சீக்குப் பழத்தின் (சப்போட்டாவின்) நிறத்தை வைத்து 'சாவோ மாத்தாங்' என்றும் சொல்வார்கள். ஆனால் பெண் என்றால் 'குனிங் லங்சாட்' என்று, லங்சாட் பழத்தோலின் வெளிர்மஞ்சளைப் புகழ்வதும் அங்கே உண்டு. வெளுப்பாக்கும் களிம்பு வாங்க எல்லா இனத்துப் பெண்களும்தான் வரிசையில் நிற்கிறோம்.

எனக்குப் பெண் பார்க்க வந்தபோது, "பெண் நிறம் கொஞ்சம் மட்டு, ஆனாலும்..." என்று ஆரம்பித்தார்கள். 'நிறம் மட்டு'! நிறம் என்ற சொல்லே வெளுப்பு என்று ஆகிவிட்டது, கவனித்தீர்களா? 'நல்ல நிறம்' என்றால் வெளுப்பு. கறுப்பு நிறமே இல்லையா? பழைய மணமகள் தேவை விளம்பரங்களில் 'நிறமான பெண்' என்று படித்திருக்கிறேன். நிறமில்லாத பெண் எப்படி இருப்பாள், கண்ணாடிபோலவா?

செந்தூல்காரன்

தங்கையிடம் கேட்டேன்.

தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஏழாம் வகுப்பிலிருந்து கல்யாணப் படம் எடுக்கிற நாள்வரை ஜன்னல் ஓரத்தில் நிற்கவே மாட்டேன், தெரியுமா உனக்கு?" என்றாள். வெளிச்சம் படும் இடத்தில் நின்றால் கறுப்பு கூடுதலாகத் தெரியும் என்று நினைத்தாளாம். ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

நானும் ஒரு சொல் தருகிறேன். அம்மா நல்ல காட்சி எதைப் பார்த்தாலும் 'கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பார். 2018இல் பத்துமலையின் 272 படிகளுக்கும் வண்ணம் தீட்டியபோது அழைத்துப் போனேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "கண்ணைப் பறிக்கிறது" என்றார். பிடித்ததா இல்லையா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மேலே குகைக்குள் போய், பாறை இடுக்கில் வேர்விட்டிருந்த செடியைப் பார்த்ததும்தான் "கண்ணுக்குக் குளிர்ச்சி" வந்தது. மலாயிலும் இதே சொல் உண்டு: 'செஜுக் மாத்தா மெமண்டாங்', பார்க்கக் கண் குளிர்கிறது. வெயில் நாட்டில் வாழும் இரண்டு மக்களுக்கும் அழகு என்பது நிழல்போல, தண்ணீர்போல. மனிதர்களுக்கும் இதைச் சொல்லலாம். என் தங்கைக்கு நேற்று அதைத்தான் சொன்னேன்.

பூச்சரம் | பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

இருபது ஆண்டுகளாகப் பூ கட்டுகிறேன். பூக்கடையில் இந்தப் பேச்சுக்கே வேறு வழி இருக்கிறது. யார் வந்தாலும் 'உங்களுக்கு எது எடுக்கும்' என்றுதான் பார்ப்போம். கறுத்த கழுத்துக்குச் சம்பங்கி மாலை எடுப்பாக இருக்கும். கனகாம்பரத்தின் காவி நிறம் வெளுத்த முகத்தின் பக்கத்தில் சோர்ந்துவிடும், கறுத்த முகத்தின் பக்கத்தில் எரியும். மல்லிகைக்குக் கேட்கவே வேண்டாம். மேனி பூவைத் தூக்குகிறதா, பூ மேனியைத் தூக்குகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 'எடுப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உயர்வு தாழ்வு இல்லை. எது எதோடு சேரும் என்பது மட்டும்தான்.

சொற்குவியல்

பட்டியல் போட்டதற்கு வருந்துகிறேன். ஒவ்வொன்றும் இவ்வளவு சுமந்திருக்கும் என்று தெரியாமல் கொட்டிவிட்டேன்.

ஒப்பனைப்பெட்டி

இந்த வாரம் இரண்டு கல்யாணம் முடிந்தது. முதலாவதில் தோற்றேன். அம்மா விடவில்லை, வெளுப்பாகவே பூச வேண்டியதாயிற்று. கூலி கொடுப்பவர் அவர்.

இரண்டாவது, பாயான் லெப்பாஸில். பெண்ணின் முழங்கையின் உள்பக்கத்தில் மூன்று குப்பிகளிலிருந்தும் ஒவ்வொரு கோடு போட்டு, வெளிச்சத்தில் நீட்டச் சொன்னேன். மூன்றாவது கோடு இருந்த இடமே தெரியவில்லை, தோலோடு தோலாகிவிட்டது. "இதுதான் உங்களுடையது" என்றேன். அவள் மற்ற இரண்டு கோடுகளையும் துடைத்துவிட்டு, "இதற்குப் பெயர் என்ன, அக்கா?" என்று கேட்டாள்.

குப்பியில் எண்தான் இருக்கிறது. அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன்: "மாந்தளிர்." முகம் மலர்ந்துவிட்டது. ஆய்வு மாணவி கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன், அந்தக் குப்பி உண்மையிலேயே செம்பு கலந்த பழுப்புத்தான்.

வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாள் கிழித்து எழுதி ஒட்டிவிட்டேன். அதைவிட அடர்த்தியானதற்கு, செபராங் பிறைத் தங்கையின் அப்பாயியை நினைத்து, 'காந்தல்' என்று எழுதினேன். இன்னும் ஒரு குப்பி இருக்கிறது. எல்லாவற்றிலும் ஆழமானது. பழுப்பில் கறுப்பு ஓடுவது, வெளிச்சம் பட்டால் மினுங்குவது. அதற்குப் பெயர் வேண்டும். சொன்னதும் கண்ணில் தெரியும் பெயராக இருக்க வேண்டும்.

ஆய்வு மாணவி

கோபமே இல்லை, அக்கா. 'மாந்தளிர்' உங்கள் குப்பிக்குச் சரியான பெயர்.

ஓய்வாசிரியர்

கருங்காலி? உள்மரத்தை இழைத்தால் மினுங்கும்.

பூச்சரம்

மங்குஸ்தீன் தோல் என்று நினைத்தேன். ஆனால் அதில் ஊதா கூடுதல். கருங்காலி கடினமாக இருக்கிறது, ஐயா. பெண்ணின் கன்னத்துக்கு மரத்தின் பெயர் வேண்டாமே.

மலையடிவாரம் | பாலிக் பூலாவ்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஜாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. காய் முற்றித் தானாக வெடித்ததும் உள்ளே சிவப்பு வலைபோல் ஜாதிபத்திரி சுற்றியிருக்கும். அதை நகத்தால் மெல்ல உரித்தால் கொட்டை தெரியும். ஈரம் காயாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பார்க்க வேண்டும், அரக்குப் பூசியதுபோல் கரும்பழுப்பு. உள்ளங்கையில் உருட்டினால் வெளிச்சம் அதன்மேல் ஓடும். பத்திரி சுற்றியிருந்த தடம் மெல்லிய வரிகளாகப் பதிந்திருக்கும். கை முழுவதும் மணம்.

ஜாதிக்கொட்டை என்று எழுதுங்கள், அக்கா. வேண்டுமானால் சனிக்கிழமை ஜார்ஜ்டவுனுக்கு வரும்போது இரண்டு கொண்டுவருகிறேன். குப்பியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒப்பனைப்பெட்டி

கொண்டுவாருங்கள். பத்திரியை உரிக்காமல் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வருகிறாள், அவள் கையாலேயே உரிக்கச் சொல்கிறேன்.